மீட்டர் பெட்டிக்கு முன்னால் அரை மணி நேரம்

நங்கநல்லூரிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஆறு. பள்ளியில் 'ஆற்றலைச் சேமிப்போம்' என்று படம் வரையச் சொன்னார்கள், வரைந்தான். வீட்டில் ஃபேனை அணை, லைட்டை அணை என்று நானும் ஓயாமல் சொல்கிறேன். இரண்டுமே மனதில் ஏறியதாகத் தெரியவில்லை. அன்றாடம் எதற்கு எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்று பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது?"

வட சென்னையில் ஒரு பள்ளியில் 23 வருடம் அறிவியல் எடுத்திருக்கிறேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஞாபகத்துக்கு வந்தாள். அன்று காலையில்தான் 'ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது' என்று கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்தியிருந்தேன். மத்தியானம், டிசம்பர் 14 தேசிய எரிசக்திச் சேமிப்பு நாளுக்காகப் பிள்ளைகள் போஸ்டர் வரைந்துகொண்டிருந்தார்கள். அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "அழிக்கவே முடியாதுன்னு காலையில சொன்னீங்களே மிஸ், அப்புறம் எதுக்குச் சேமிக்கணும்?" என்றாள். வகுப்பே என்னைப் பார்த்தது.

அது எவ்வளவு நல்ல கேள்வி! அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லாமல் எத்தனை போஸ்டர் வரைந்தாலும் பிள்ளைக்கு ஒன்றும் போய்ச் சேராது. அன்றைக்கு நான் சொன்ன பதில் இது. ஒரு குடம் தண்ணீரை தெருவில் கொட்டினால் தண்ணீர் அழிந்துபோவதில்லை. மண்ணுக்குள் இருக்கும், காற்றில் இருக்கும். ஆனால் அதைத் திரும்பக் குடத்துக்குள் கொண்டுவர முடியுமா? ஆற்றலும் அப்படித்தான். வேலை செய்து முடித்ததும் லேசான சூடாக மாறி நாலா பக்கமும் பரவிவிடுகிறது. மிக்சியில் அரைத்த மாவைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். ஃபிரிட்ஜின் பக்கவாட்டிலோ பின்பக்கமோ கையை வையுங்கள். போன் சார்ஜரைத் தொடுங்கள். அந்தச் சூட்டைத் திரட்டி இன்னொரு முறை மாவு அரைக்க முடியாது. நாம் சேமிப்பது அப்படிச் சிதறுவதற்கு முன்னால் இருக்கும், வேலைக்கு ஆகும் ஆற்றலை.

தொட்டுப் பார்க்கும் இந்த விளையாட்டு உங்கள் சின்னவளுக்கு இப்போதைக்குப் போதும். ஆறு வயதில் எண்ணெல்லாம் வேண்டாம். வீட்டைச் சுற்றி வந்து எது சூடாகிறது, எது சுழல்கிறது, எது ஒளிர்கிறது, எது சத்தம் போடுகிறது என்று அவளே கண்டுபிடிக்கட்டும். மாடியில் காயும் வடாம், காற்றில் ஆடும் கொடித்துணி, மண்பானைத் தண்ணீர், இட்லி குண்டானின் ஆவி எல்லாமே இதில் வரும். ஆற்றல் என்றால் கரண்ட் மட்டும்தான் என்று ஒரு எண்ணம் பிள்ளைகளிடம் சீக்கிரம் படிந்துவிடும். அதற்கு முன்னால் இவற்றைக் காட்டிவிடுவது நல்லது.

பெரியவனுக்கு எண்கள் வேண்டும். ஒன்பது வயதுப் பையனுக்கு 'வீணாக்காதே' என்பது வெறும் திட்டு. 'இவ்வளவு' என்று சொன்னால் அது ஒரு செய்தி. இந்த விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: அளவைக் காட்டாமல் சிக்கனம் சொல்லிக் கொடுக்கவே கூடாது. அளவு தெரியாத பிள்ளை எல்லா ஸ்விட்சும் ஒன்று என்று நினைக்கும். ஒரு எல்.இ.டி. பல்பை அணைத்துவிட்டு, பெரிய வேலை செய்துவிட்டதாக நிம்மதியாகப் போய் ஏ.சி.யை 18-ல் வைத்துப் படுத்துக்கொள்ளும்.

முதலில் அவன் உடம்பிலிருந்து தொடங்குங்கள். உங்கள் வீடு மூன்றாவது மாடி என்று வைத்துக்கொள்வோம், தரையிலிருந்து 9 மீட்டர். 30 கிலோ எடையுள்ள பையன் ஒரு முறை ஏறினால், தன் உடம்பை அந்த உயரத்துக்குத் தூக்க அவன் செய்யும் வேலை சுமார் 2650 ஜூல் (ஆற்றலை அளக்கும் அலகு). மின்சாரக் கட்டணத்தில் வரும் ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், 1360 வருகிறது. ஒரு யூனிட்டுக்கு ஈடான வேலையைச் செய்ய அவன் தரையிலிருந்து மூன்றாவது மாடிக்கு 1360 தடவை ஏற வேண்டும். அதே ஒரு யூனிட்டை 2000 வாட் கீசர் அரை மணி நேரத்தில் முடித்துவிடும். இதைச் சொல்லும்போது கட்டாயம் ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். என் வகுப்புப் பிள்ளைகள் பள்ளி மாடிப்படியில் நாலு தடவை ஏறி இறங்கி மூச்சு வாங்க வந்து நின்று, "இன்னும் எவ்ளோ மிஸ்?" என்று கேட்பார்கள். அந்த மூச்சு வாங்கலோடு சேர்ந்து யூனிட் என்பது மறக்காது.

அவன் சாப்பாட்டையும் இதே கணக்கில் கொண்டுவரலாம். அந்த வயதில் ஒரு நாளைக்குச் சாப்பிடும் உணவில் சுமார் 1600, 1700 கிலோகலோரி இருக்கும். அதை மாற்றிப் பார்த்தால் 2 யூனிட்டுக்கும் குறைவு. ஓடி, படித்து, தங்கையோடு சண்டை போட்டு, தூங்கி எழும் ஒரு முழு நாளுக்கு அவ்வளவுதான். எனக்கு இன்றைக்கும் இது பெரிய ஆச்சரியம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். பாடநூலில் ஆற்றல், திறன் என்று இரண்டு சொற்கள் வரும். பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்வார்கள். சென்னைப் பிள்ளைக்கு இதைக் குழாயை வைத்தே சொல்லிவிடலாம். வாட் என்பது குழாயில் தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்பது, அது திறன். யூனிட் என்பது குடத்தில் எவ்வளவு சேர்ந்தது என்பது, அது ஆற்றல். நூல் மாதிரி ஒழுகும் குழாயை ராத்திரி முழுக்கத் திறந்து வைத்தாலும் குடம் நிறையும், பெரிய குழாயை அரை நிமிடம் திறந்தாலும் நிறையும். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரம் முழுச் சூட்டில் இருந்தால் ஒரு யூனிட். 9 வாட் பல்பு ஒரு யூனிட்டைத் தொட 111 மணி நேரம் எரிய வேண்டும்.

இனி மீட்டருக்கு வருவோம். மொத்தத்தில் நீங்கள் ஒன்றே ஒன்றுதான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

வீடுகளில் இருக்கும் எலக்ட்ரானிக் மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு விட்டு விட்டுச் சிமிட்டும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பது மீட்டரின் முகத்திலேயே அச்சிட்டிருக்கும். 3200 என்று பல மீட்டர்களில் இருக்கும், 1600-ம் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் வெளிச்சத்தில், ஒருவர் வீட்டுக்குள், ஒருவர் மீட்டர் பெட்டி முன்னால். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள், ஃபிரிட்ஜையும் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு அணைக்கலாம். பிறகு ஒரே ஒரு ஃபேனைப் போடச் சொல்லுங்கள். ஒரு சிமிட்டலுக்கும் அடுத்ததற்கும் நடுவே எத்தனை விநாடி என்று போனில் பையன் பார்க்கட்டும். 3200 மீட்டரில் 1125-ஐ அந்த விநாடியால் வகுத்தால் அந்தச் சாமான் எத்தனை வாட் என்று வந்துவிடும். 1600 மீட்டரானால் 2250-ஐ வகுக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் என் தங்கை பையனோடு இதைச் செய்தோம். அவன் மாடிப்படிக்குக் கீழே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான், நான் உள்ளே ஸ்விட்ச் போர்டில். ஹால் ஃபேன் பழைய ரகம், முழு வேகத்தில் 15 விநாடிக்கு ஒரு சிமிட்டல் வந்தது. "பெரியம்மா, எழுபத்தஞ்சு!" என்று கீழேயிருந்து குரல். படுக்கையறையில் புதிதாக மாட்டிய பி.எல்.டி.சி. ஃபேனை, அதாவது கரண்ட் குறைவாக எடுக்கும் புது ரகத்தை, போட்டதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நின்றுவிட்டதோ என்று கேட்டான். 37 விநாடி கழித்துச் சிமிட்டியது, 30 வாட். அதே காற்றுக்குப் பாதிக்கும் குறைவு. எல்.இ.டி. பல்புக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் காத்திருந்தான், பொறுமை போய்விட்டது. இஸ்திரிப் பெட்டியைப் போட்டதும் ஏறக்குறைய விநாடிக்கு ஒன்று. கடைசியாக கீசர். அவன் எண்ணவே முடியாமல் சிரிக்க ஆரம்பித்தான். விளக்கு விநாடிக்கு இரண்டு தடவை போல் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. "இதுதான் பெரியம்மா நிஜமா சாப்பிடுது" என்றான். நான் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் பழையபடி போட்டுவிட்டு, சாயங்காலம் இன்னொரு தடவை அணைத்துப் பார்த்தபோது ஒரு சுவாரசியம் நடந்தது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டோம் என்று நினைத்த பிறகும் நிமிடத்துக்கு ஒரு தடவை சிமிட்டிக்கொண்டே இருந்தது. எங்கே போகிறது என்று தேடினோம். செட்டாப் பாக்ஸும் வைஃபை பெட்டியும். இரண்டும் சேர்ந்து 19 வாட் போல. 24 மணி நேரமும் இருந்தால் இரண்டு மாதத்துக்கு 27 யூனிட் ஆகிறது. ராத்திரி படுக்கப்போகும்போது அந்த இரண்டையும் அணைக்கும் பொறுப்பை அன்றிலிருந்து அவனே எடுத்துக்கொண்டான். யாரும் சொல்லவில்லை.

ஒரு எச்சரிக்கை. பிள்ளை மீட்டர் பலகையைத் தொடவே கூடாது, பெரியவர் ஒருவர் கூடவே நிற்க வேண்டும். மழை நாளில், தரை ஈரமாக இருக்கும்போது வேண்டாம். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் பேட்டரி சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தால் கணக்கு குழம்பும், அது நிரம்பிய பிறகு செய்யுங்கள்.

மீட்டர் காட்டும் பெரிய உண்மை ஒன்று இருக்கிறது. சூடாக்குவதும் குளிரவைப்பதும்தான் ஆற்றலை விழுங்குகின்றன. சுழல்வது நடுத்தரம். ஒளிர்வது இன்றைக்கு மிகக் கொஞ்சம். பழைய 60 வாட் குண்டு பல்பு காலத்தில் 'லைட்டை அணை' என்று சொன்னதில் அர்த்தம் இருந்தது, அந்தப் பழக்கத்தில்தான் நாம் இன்னும் அதையே முதலில் சொல்கிறோம். கணக்கைப் பாருங்கள். 9 வாட் பல்பு தினம் 5 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாத பில்லில் 2.7 யூனிட். ஒன்றரை டன் ஏ.சி. ஒரே ராத்திரியில் 8 யூனிட் வரை எடுக்கும். போன் சார்ஜரைப் பிடுங்கவில்லை என்று பிள்ளையைக் கோபிக்கிறோம், ஆனால் ஒரு யூனிட்டில் போனை நாற்பது தடவைக்கு மேல் முழுதாக சார்ஜ் செய்யலாம். ஃபிரிட்ஜ் நாளைக்கு ஒரு யூனிட் போல எடுக்கிறது.

சூடு ஏன் இவ்வளவு கேட்கிறது என்று பெரியவன் கேட்பான். அதற்கு என் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த கணக்கு ஒன்று. மார்கழிக் காலையில் குளிக்க ஒரு பக்கெட், 15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 42-க்குச் சூடாக்குகிறோம். அதற்குச் சுமார் 8.8 லட்சம் ஜூல் வேண்டும், ஏறக்குறைய கால் யூனிட். அதே ஆற்றலை அந்த பக்கெட்டைத் தூக்குவதற்குச் செலவழித்தால் எவ்வளவு உயரம் போகும்? கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர். தொட்டபெட்டாவின் உயரம் 2637 மீட்டர், அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். மொட்டை மாடித் தொட்டிக்கு 1000 லிட்டரை 12 மீட்டர் ஏற்றத் தேவைப்படுவது ஒரு யூனிட்டில் முப்பதில் ஒரு பங்குதான். மோட்டாரிலும் குழாயிலும் வீணாவதைச் சேர்த்தாலும் கால், அரை யூனிட்டுக்குள் முடிந்துவிடும். ஒரு குடும்பத்துக்கு ஒரு நாள் முழுக்க வரும் தண்ணீரை மேலே ஏற்றுவதும், ஒருவர் சுடுதண்ணீரில் குளிப்பதும் கிட்டத்தட்ட ஒரே செலவு. இதைக் கேட்ட ஒரு பையன் மறுநாள் வந்து, எங்கள் வீட்டில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரே மத்தியானம் சுடுகிறதே, அதில் குளித்தால் என்ன என்று கேட்டான். அந்தச் சூடு வெயில் கொடுத்தது. அவன் சூரிய வெந்நீர்க் கருவியைத் தானே கண்டுபிடித்துவிட்டான்.

அடுப்பங்கரையிலும் இதே கதைதான், அங்கே எரிவது கேஸ். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றில் இருக்கும் ஆற்றல் சுமார் 180 யூனிட். பிள்ளைகளோடு செய்ய ஒரு எளிய சோதனை: ஒரே பாத்திரம், ஒரே அளவு தண்ணீர், ஒரே தீ. ஒரு தடவை மூடி போட்டு, ஒரு தடவை மூடாமல், எத்தனை நிமிடத்தில் கொதிக்கிறது என்று குறித்துக்கொள்ளட்டும். கொதித்த பிறகு தீயைக் குறைத்தாலும் சாதம் வெந்துவிடுகிறதா என்று பார்க்கட்டும். கொதிக்கும் தண்ணீர் பெருந்தீயிலும் சிறுதீயிலும் ஒரே 100 டிகிரிதான், கூடுதல் தீ ஆவியைத்தான் அதிகமாக்கும். கொண்டைக்கடலையை முந்தின நாள் ராத்திரி ஊறவைப்பது ஏன் என்று உங்கள் அம்மாவைக் கேட்கச் சொல்லுங்கள். ஆற்றல் என்ற சொல்லே இல்லாமல் அவர் சரியான பதிலைச் சொல்வார்.

சரி, ஸ்விட்சுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? இதை விட்டுவிட்டால் பாடம் வீட்டுக் கட்டணத்தோடு நின்றுபோகும்.

கத்திவாக்கம், எண்ணூர் பக்கம் ஒரு தடவை பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். தூரத்திலிருந்தே அனல்மின் நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கிகள் தெரியும். அங்கே எரியும் நிலக்கரியில் பெரும்பகுதி ஒடிசாவின் தால்சேர் சுரங்கங்களில் வெட்டப்பட்டு, ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்கு வந்து, அங்கிருந்து கப்பலில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வருகிறது. 2001-ல் அந்தத் துறைமுகம் திறக்கப்பட்டதே முக்கியமாக நிலக்கரிக்காகத்தான். ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க நம் நாட்டு நிலக்கரி சுமார் 700 கிராம் வேண்டும். அந்த 700 கிராமைக் கையில் கொடுங்கள். நிலக்கரி கிடைக்காது, அரிசியை நிறுத்து ஒரு பையில் போட்டுக் கொடுங்கள். கீசர் அரை மணி நேரம் ஓடினால் இவ்வளவு கரி எரிந்தது என்று சொல்லுங்கள். ஏ.சி. ஒரு ராத்திரிக்கு ஐந்தரை கிலோ.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். அந்தக் கரியின் சூட்டில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதி, தண்ணீர் வழியாகவும் புகைபோக்கி வழியாகவும் வெளியே போய்விடுகிறது. எரிந்த பிறகு மிஞ்சும் சாம்பலும் எங்கோ போய்ச் சேர வேண்டும். எண்ணூர் கழிமுகத்தில் சாம்பல் படிந்த இடங்கள் உண்டு. கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இறாலும் மீனும் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். "எங்க அப்பா வலையில சாம்பல் வருது மிஸ்" என்று ஒரு பெண் சொன்ன நாளில், நங்கநல்லூர் ஸ்விட்சும் எண்ணூர் வலையும் ஒரே கம்பியின் இரண்டு முனைகள் என்று எனக்குப் பட்டது. உங்கள் பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும். பயமுறுத்தச் சொல்லவில்லை. யாரோ ஒருவர் நமக்காகச் சுமக்கிறார் என்று தெரிந்தால் பிள்ளைகள் மதிப்பார்கள், அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மற்றவற்றைப் போகிற போக்கில் காட்டிக்கொள்ளலாம். நாகர்கோவில் பக்கம் போனால் ஆரல்வாய்மொழி, முப்பந்தலில் காற்றாலைகள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அவை வேகமாகச் சுற்றும். மாமல்லபுரம் தாண்டிப் போகும்போது கல்பாக்கம் அணுமின் நிலையம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி. நீலகிரியில் பைக்காரா, அங்கே 1930-களிலிருந்து அருவி நீரில் மின்சாரம் எடுக்கிறார்கள். இவ்வளவும் ஒரே வலைப்பின்னலில் கலந்துதான் நம் வீட்டுக்கு வருகிறது.

சென்னைக்கென்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும், அது தண்ணீர். குழாயைத் திறக்கும்போது ஆற்றலைத் திறக்கிறோம் என்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. வீராணம் ஏரித் தண்ணீர் 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் பயணம் செய்து வருகிறது, வழியில் பம்பு போட்டுத் தள்ள வேண்டும். மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010-லிருந்தும், நெம்மேலியில் 2013-லிருந்தும் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள். உப்பு நீரை மிக நுண்ணிய சவ்வு வழியாக பெரிய அழுத்தத்தில் தள்ள வேண்டும், அதனால் 1000 லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் வரை ஆகும். மாடித் தொட்டிக்கு ஏற்ற ஆகும் செலவை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பல் தேய்க்கும்போது குழாயை மூடு என்று சொல்ல இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

போக்குவரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது, அதில் பெரும்பகுதி எஞ்சின் சூடாகவே போய்விடும். வண்டியை நிறுத்தியதும் எஞ்சின் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் (தொடாமல்) தெரியும். பேட்டரி ஸ்கூட்டர் 3 யூனிட்டில் 100 கிலோமீட்டர் அளவுக்கு ஓடிவிடுகிறது. பழவந்தாங்கலில் மின்சார ரயில் ஏறினால், கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை இந்தத் தடத்தில் 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது என்று சொல்லி, மேலே கம்பியைத் தொட்டுக்கொண்டு வரும் சட்டத்தைக் காட்டுங்கள். மெட்ரோ ரயில் பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி மின்சாரத்தைத் திரும்பக் கொடுக்கிறது. இதைக் கேட்டால் பையன்கள் கண் விரியும்.

மீட்டர் விளையாட்டை ஒரு நாளோடு விடாதீர்கள். ஞாயிறுதோறும் ஒரே நேரத்தில் மீட்டர் எண்ணைப் பையன் காலண்டரில் எழுதட்டும். போன வாரத்தைக் கழித்தால் இந்த வாரச் செலவு. நமக்கு பில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருவதால், எதனால் கூடியது என்று பெரியவர்களுக்கே மறந்துபோகிறது. வாரக் கணக்கு இருந்தால் சித்தப்பா குடும்பம் வந்து தங்கிய வாரம், ஏ.சி. போட ஆரம்பித்த வாரம், அடைமழை பெய்த வாரம் எல்லாம் எண்ணில் தெரியும். வீடுகளுக்கு ஒரு அளவு வரை மின்சாரம் இலவசம் என்பதையும், இரண்டு மாதத்தில் 500-ஐத் தாண்டினால் குறைந்த விலைப் படி ஒன்று கையைவிட்டுப் போவதையும் சொல்லுங்கள். 490-லிருந்து 510-க்குப் போனால் 20 யூனிட்டுக்கான காசு மட்டும் கூடாது, அதற்கு மேலும் கூடும். ஒன்பது வயதுப் பையனுக்கு இது கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி, கடைசி வாரம் அவனே வீட்டை நடத்துவான்.

அப்படி அவன் நடத்தும்போது சில விஷயங்களில் நீங்கள் பிடிவாதமாக இருக்க வேண்டும். மே மாத ராத்திரியில் பாட்டியின் ஃபேனை அணைக்கக் கூடாது. படிக்கும் இடத்தில் வெளிச்சத்தைக் குறைக்கக் கூடாது. ஆற்றல் மனிதருக்காகத்தான், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். அதே நேரம், பிள்ளை மறந்த 9 வாட் பல்புக்கு ஒரு திட்டு விழுந்து, பெரியவர்கள் அறை ஏ.சி. 18-லேயே ஓடினால் பிள்ளை மீட்டரை நம்புமா, உங்களை நம்புமா? ஏ.சி. ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்று எரிசக்தித் திறன் பணியகம் சொல்கிறது. 2020-லிருந்து புது ஏ.சி.கள் ஆன் செய்ததும் 24-ல் தொடங்க வேண்டும் என்பது விதியாகவே இருக்கிறது. 25-ல் வைத்து ஃபேனைக் கூடச் சுற்றவிட்டுப் பாருங்கள், அந்த வார எண்ணை அவனே காட்டுவான்.

கரண்ட் போகும் நேரத்தையும் வீணாக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. பள்ளி திறந்ததும் பிள்ளைகளிடம் எது எது நின்றது என்று எழுதச் சொன்னேன். லைட், ஃபேன், டிவி என்றுதான் தொடங்கினார்கள். எழுத எழுத வேறு மாதிரி போனது. மோட்டார் ஓடாததால் தண்ணீர் இல்லை. ஃபிரிட்ஜில் இருந்த இட்லி மாவு புளித்துப் பொங்கிவிட்டது. எட்டாவது மாடித் தாத்தா கீழே இறங்கவேயில்லை. டவர் போனதால் அப்பாவுக்குப் போன் கிடைக்கவில்லை. ஒரு பையன் கடைசி வரியில் "ராத்திரி தவளைச் சத்தம் கேட்டது" என்று எழுதியிருந்தான். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

அடுத்த முறை கரண்ட் போனால், இன்வெர்ட்டர் இருந்தாலும் பத்து நிமிடம் அதை அணைத்துவிட்டு நாலு பேரும் உட்கார்ந்து அப்படி ஒரு பட்டியல் போடுங்கள். சின்னவள் சொல்லச் சொல்ல பெரியவன் எழுதட்டும். இந்த ஞாயிறு மீட்டருக்கு வேண்டியது ஒரு முக்காலி, ஒரு நோட்டு, விநாடி காட்டும் போன். காலை பத்து மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள், கீசரைக் கடைசியாகப் போடுங்கள்.